படியெடுத்து வைப்பதா, பிரிந்து போவதா? கூட்டாக எழுதும் தளங்களுக்கு முன்னால் உள்ள வழிகள்

பல பேர் சேர்ந்து எழுதும் ஒரு திறந்த தளத்தில் என்றாவது ஒரு நாள் இந்தப் பேச்சு எழும். தளத்தை நடத்தும் நிறுவனம் பக்கம் முழுக்க விளம்பரத்தை நிரப்பியிருக்கும். அல்லது தளம் கைமாறியிருக்கும். அல்லது உரிமத்தை மாற்றப் போவதாக அறிவிப்பு வந்திருக்கும். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வேற இடத்துக்குப் போயிடலாம்" என்று ஒருவர் சொல்வார். "அவசரப்படாதீங்க, முதல்ல ஒரு நகல் எடுத்து வைப்போம்" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே வேலையைப் பற்றிப் பேசுவதுபோலத் தோன்றும். உண்மையில் இரண்டும் வேறு வேறு முடிவுகள். செலவும் வேறு, ஆபத்தும் வேறு.

மிரர் என்பது உள்ளதை உள்ளபடி படிக்கக் காட்டும் நகல் தளம். எழுதுவதும் திருத்துவதும் மூலத் தளத்தில்தான் நடக்கும். மிரர் அதைப் பின்தொடரும். ஃபோர்க் என்பது அதே உள்ளடக்கத்தை எடுத்துக்கொண்டு தனி வழியில் எழுதத் தொடங்குவது. முதல் நாள் இரண்டு தளங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரே கட்டுரைக்கு இரண்டு வடிவங்கள் இருக்கும், இரண்டையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கும். இவை போக இன்னும் மூன்று வழிகள் உண்டு. பேசாமல் ஒரு காப்பு நகலை மட்டும் எடுத்து வைப்பது, எதையும் எடுக்காமல் வெற்றுப் பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்குவது, இருக்கும் இடத்திலேயே இருந்து போராடுவது.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என் கருத்தில் ஒரு கேள்வி போதும். இப்போது ஆபத்தில் இருப்பது படிப்பதா, எழுதுவதா? படிப்பதற்கு ஆபத்து என்றால் மிரர். எழுதுவதற்கு ஆபத்து என்றால் ஃபோர்க்கைப் பற்றி யோசிக்கலாம். பல குழுக்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. பக்கங்கள் அழிந்துவிடுமோ என்ற பயத்தில் ஃபோர்க் செய்து, எழுத ஆளில்லாத இன்னொரு தளத்தைப் பெற்றெடுக்கின்றன. அல்லது நிர்வாகத்தோடு உள்ள பிரச்சினைக்கு மிரர் வைத்துவிட்டு, எழுதுகிறவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

உரிமம் எதைத் தருகிறது, எதைத் தராது

திறந்த உரிமத்தில் எழுதப்பட்ட எதையும் யாரும் எடுத்துப் போகலாம். தளத்தின் உரிமையாளரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. விக்கிப்பீடியாவின் எழுத்து 2009 ஜூன் வரை ஜிஎஃப்டிஎல் (க்னூ கட்டற்ற ஆவண உரிமம்) என்ற உரிமத்தில் இருந்தது. பிறகு கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் சிசி-பிஒய்-எஸ்ஏ உரிமத்தின் 3.0 பதிப்பு முதன்மை உரிமம் ஆனது. 2023 ஜூனில் 4.0-க்கு மாறியது. இந்த உரிமம் கேட்பது இவ்வளவுதான்: யார் எழுதியது என்று சொல், மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல், நீ வெளியிடுவதையும் இதே உரிமத்தில் வெளியிடு. விக்கிப்பீடியாவைப் பொறுத்தவரை, எடுக்கப்பட்ட கட்டுரைக்கு ஓர் இணைப்புக் கொடுத்தாலே எழுதியவர்களைக் குறிப்பிட்டதாக ஆகிவிடும்.

மிரருக்கு அந்த இணைப்பு போதும். ஃபோர்க்குக்குப் போதாது என்பேன். மூலத் தளம் நாளை மூடப்பட்டால் இணைப்பு செத்துவிடும். அதோடு எழுதியவர்களின் பெயர்களும் காணாமல் போகும். பிரிந்து போகிறவர்கள் ஒவ்வொரு பக்கத்தின் தொகுப்பு வரலாற்றையும் (யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவையும்) முழுதாக எடுத்துப் போவதே நியாயம். கடைசி வடிவத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போன ஃபோர்க்குகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பத்து வருடம் ஒருவர் உட்கார்ந்து திருத்திய கட்டுரை, இறக்குமதி செய்தவர் பெயரில் ஒரே ஒரு தொகுப்பாக நிற்கும். அந்த மனிதரைப் புதிய இடத்துக்கு எந்த முகத்தோடு கூப்பிடுவது?

உரிமத்தின் பதிப்பு எண்ணையும் கவனிக்க வேண்டும். 3.0-ல் இருக்கும் கட்டுரையை வளர்த்து 4.0-ல் வெளியிட அந்த உரிமமே இடம் தருகிறது. 4.0-ல் இருப்பதை 3.0 தளத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆக, பழைய தளம் 3.0-ல் நின்று, நீங்கள் 4.0-ல் தொடங்கினால், அங்கே எழுதப்படுவதை நீங்கள் எடுக்கலாம், நீங்கள் எழுதுவதை அவர்கள் எடுக்க முடியாது. நீங்கள் நினைத்துச் செய்தாலும் நினைக்காமல் செய்தாலும் இது ஒருவழிப் பாதையாகிவிடும். என்றாவது மறுபடி ஒன்றுசேரலாம் என்ற எண்ணம் இருந்தால் இதை முதல் நாளே பேசி முடிவெடுங்கள்.

வணிக நோக்கம் கூடாது என்ற நிபந்தனை சேர்ந்த உரிமம் இன்னொரு சிக்கல். ஸ்டார் ட்ரெக் தொடருக்கான மெமரி ஆல்ஃபா அப்படிப்பட்ட உரிமத்தில் இருக்கும் தளம். அதுபோன்ற தளத்தை ஃபோர்க் செய்தால், விளம்பரம் போட்டு சர்வர் செலவைச் சமாளிக்கும் வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். நன்கொடையை நம்பித்தான் ஓட வேண்டும்.

அப்புறம், உரிமம் தராதவை. தளத்தின் பெயர், சின்னம், டொமைன் எதுவும் உங்களுக்கு வராது. பெயரும் சின்னமும் வர்த்தகக் குறிகள், டொமைன் அதைப் பதிவுசெய்தவருடையது. நியாயப் பயன்பாடு (பதிப்புரிமை உள்ளதை அனுமதியின்றி ஓரளவு பயன்படுத்த விடும் சட்ட விலக்கு) என்ற பெயரில் ஏற்றப்பட்ட படங்கள் திறந்த உரிமத்தில் இல்லாதவை. அவற்றை வைத்துக்கொள்ளலாமா என்பதை உங்கள் தளம் இயங்கும் நாட்டுச் சட்டப்படி தனியாகப் பார்க்க வேண்டும். பயனர்களின் மின்னஞ்சல், கடவுச்சொல் எந்த டம்ப்பிலும் (தளத்தின் உள்ளடக்கத்தை மொத்தமாகத் தரும் கோப்பிலும்) இருக்காது, இருக்கவும் கூடாது.

காப்பு நகல்: இதில் யோசிக்க ஒன்றுமில்லை

எந்த முடிவும் எடுக்காத நிலையிலும் இதைச் செய்துவிடுங்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா தன் தளங்கள் எல்லாவற்றுக்கும் டம்ப் கோப்புகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் 70 லட்சத்தைத் தாண்டியும், நடப்பு வடிவங்களின் எழுத்து மட்டும் சுருக்கிய கோப்பாக இருபது ஜிபி சொச்சத்தில் அடங்கிவிடுகிறது. சிறிய விக்கி (கூட்டாக எழுதித் திருத்தும் தளம்) ஒன்றின் முழு வரலாறும் ஒரு பென்டிரைவில் கொள்ளும். டம்ப் தராத தளங்களுக்காகவே விக்கிடீம் என்ற தன்னார்வக் குழு ஒரு கருவி வைத்திருக்கிறது. அது பக்கங்களையும் படங்களையும் ஒவ்வொன்றாக இறக்கி, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் சேர்க்க உதவுகிறது.

நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளம் நல்ல உதாரணம். 2009-லிருந்து கேள்வி பதில்கள் எல்லாவற்றையும் டம்ப்பாக வெளியிட்டுவந்த தளம் அது. 2023 ஜூனில் டம்ப் திடீரென நின்றது; பயனர்கள் எதிர்த்த பிறகு திரும்ப வந்தது. 2024 ஜூலையில் டம்ப் இன்டர்நெட் ஆர்க்கைவிலிருந்து நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு மாறியது. உள்நுழைந்து, ஒரு நிபந்தனைக்கு ஒப்புக்கொண்ட பிறகே இறக்கலாம் என்றானது. உரிமம் அப்படியே இருக்கிறது, எடுக்கும் வாசல்தான் குறுகிவிட்டது. எடுத்துப்போகும் உரிமை காகிதத்தில் இருந்து, எடுக்கும் வழி இல்லாமல் போனால் அந்த உரிமையால் யாருக்கு என்ன பயன்? தளத்தோடு உறவு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைப்பதுதான் சரி.

ஒரே ஒரு எச்சரிக்கை, படங்களை மறந்துவிடாதீர்கள். எழுத்து டம்ப்பில் படங்கள் வராது. பலருக்கு இது தெரிய வருவது இறக்குமதி முடிந்த பிறகுதான்.

மிரர் எப்போது பொருந்தும்

2017 ஏப்ரல் 29 அன்று துருக்கியில் விக்கிப்பீடியா முழுவதும் தடைசெய்யப்பட்டது. தடை நீங்கியது 2020 ஜனவரி 15-ல். கிட்டத்தட்ட மூன்று வருடம். தடை வந்த சில வாரங்களிலேயே துருக்கிய விக்கிப்பீடியாவின் ஒரு நகலை ஐபிஎஃப்எஸ் என்ற பரவல் வலையமைப்பில் ஏற்றிவிட்டார்கள். ஒரே சர்வர் என்று எதுவும் இல்லாததால் அதை ஒரே இடத்தில் தடுப்பது கடினம். அந்த நகலில் யாரும் எழுத முடியாதுதான். ஆனால் அந்த நேரத்தில் துருக்கியில் இருந்த மாணவருக்குத் தேவைப்பட்டது படிக்க ஒரு பக்கம், அது கிடைத்தது. மிரருக்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

இணையமே இல்லாத இடங்களுக்கு கிவிக்ஸ் இருக்கிறது. 2007-ல் தொடங்கிய திட்டம். ஜிம் என்ற கோப்பு வடிவத்தில் ஒரு முழுத் தளத்தையே அடக்கிவிடும். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு சேர்த்துச் சுமார் 100 ஜிபி. பள்ளிகள், சிறைகள், கப்பல்கள் என்று வலை எட்டாத இடங்களுக்கு அது போகிறது. ஒரு தளத்தை நேசிக்கிற, ஆனால் பெரிய சர்வர் நடத்தப் பணமோ நேரமோ இல்லாத குழுவுக்கு நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான். ஒரு ஜிம் கோப்பைத் தயாரித்து, அதை யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்துவிட்டால் போதும். இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் மிரரை விட இது பல நேரங்களில் அதிகம் உதவும்.

இணையத்தில் மிரர் நடத்துவது என்று முடிவெடுத்தால், இரண்டு விதமாகச் செய்யலாம். டம்ப்பை இறக்கி அவ்வப்போது புதுப்பிப்பது முறையான வழி. வாசகர் கேட்கும் ஒவ்வொரு பக்கத்தையும் அந்த நொடியில் மூலத் தளத்திலிருந்து இழுத்துக் காட்டுவது இன்னொன்று. இரண்டாவதை விக்கிமீடியா ஏற்பதில்லை, கண்டால் தடுத்துவிடும். அவர்கள் சர்வரின் செலவில் உங்கள் தளம் ஓடுவதாகிவிடுகிறதே.

மிரரின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிய கட்டுரையில் யாரோ ஒரு அவதூறைச் சேர்க்கிறார் என்று வையுங்கள். மூலத் தளத்தில் சிறிது நேரத்தில் அதை நீக்கிவிடுவார்கள். ஆனால் அந்தச் சிறிது நேரத்துக்குள் எடுத்த டம்ப் உங்களிடம் இருந்தால், அடுத்த புதுப்பிப்பு வரைக்கும் அவதூறு உங்கள் தளத்தில் நிற்கும். புதுப்பிப்பதையே நிறுத்திவிட்டால் அது நிரந்தரமாக நிற்கும். இப்படி ஆளில்லாமல் விடப்பட்ட மிரர்கள் வலையில் ஏராளம். அப்புறம் அங்கிருந்து யாராவது மேற்கோள் எடுத்து, அதையே ஆதாரமாகக் காட்டி மூலக் கட்டுரையில் திரும்பச் சேர்ப்பார். பிழை தனக்குத் தானே சாட்சி சொல்லும் இந்தச் சுழற்சி, திறந்த தளங்களில் எழுதுகிற எவருக்கும் தெரிந்த தொல்லை.

எனவே மிரர் வைக்கிறவர் குறைந்தபட்சம் சிலவற்றைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நகல் எடுத்த தேதியைக் கண்ணில் படும்படி போட வேண்டும். மூலக் கட்டுரைக்கு இணைப்புத் தர வேண்டும். தேடுபொறி மூலத்தையே முதலில் காட்டும்படி பக்கத்தின் தலைப்பகுதியில் கனானிக்கல் குறியைச் சேர்க்க வேண்டும். நீக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு முகவரி வேண்டும். இதையெல்லாம் செய்ய மனமில்லை என்றால் மிரர் வேண்டாம், காப்பு நகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபோர்க்: எழுதுகிறவர்கள் வருவார்களா?

இனி கடினமான வழி. மூன்று பிரிவுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் மூன்றும் மூன்று விதமாக முடிந்தன.

முதலாவது ஸ்பானிய விக்கிப்பீடியா. 2002 பிப்ரவரியில், விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சால் கொதித்துப்போன ஸ்பானிய மொழிப் பயனர்கள் பலர் பிரிந்து என்சிக்ளோபீடியா லிப்ரே என்ற தளத்தைத் தொடங்கினார்கள். செவில் பல்கலைக்கழகம் சர்வர் கொடுத்தது. சுறுசுறுப்பாக எழுதியவர்கள் பெரும்பாலும் போய்விட்டதால், ஸ்பானிய விக்கிப்பீடியா நீண்ட நாள் தேங்கி நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் விக்கிப்பீடியா டாட் காம் முகவரியை விட்டு டாட் ஆர்க் முகவரிக்கு மாறியது, விளம்பரமும் வரவில்லை. பிரிவதற்குச் சொன்ன காரணம் மறைந்தது. இரண்டொரு வருடத்தில் ஸ்பானிய விக்கிப்பீடியா கட்டுரை எண்ணிக்கையில் ஃபோர்க்கைத் தாண்டி, பிறகு எட்ட முடியாத தூரம் போய்விட்டது.

இதைத் தோல்வி என்று பலர் எழுதுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆட்கள் நிஜமாகவே எழுந்து போய்விடுவார்கள் என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்த தளம், அதன் பிறகு விளம்பரத்தைப் பற்றிப் பேசும்போது வேறு விதமாகத்தான் பேசும். பிரிந்து போனவர்கள் தங்கள் தளத்தைப் பெரிதாக்கவில்லை. ஆனால் விட்டு வந்த தளத்தின் மீது அவர்கள் வைத்த அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

இரண்டாவது விக்கிடிராவல். 2003 ஜூலையில் தொடங்கிய பயண வழிகாட்டி. 2006 ஏப்ரலில் இன்டர்நெட் பிராண்ட்ஸ் என்ற நிறுவனம் அதை வாங்கியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜெர்மன் மொழிக் குழு பிரிந்து விக்கிவாயேஜ் என்று தொடங்கிவிட்டது. ஒரு பதிவுபெற்ற சங்கத்தை அமைத்து, தளத்தை அதன் பெயரில் நடத்தினார்கள். இத்தாலியக் குழு அடுத்து வந்து சேர்ந்தது. ஆங்கிலக் குழு மட்டும் 2012 வரை பொறுத்துப் பார்த்தது. அந்த ஆண்டு நிர்வாகிகள் பெரும்பாலும் ஒன்றாகக் கிளம்ப, விக்கிமீடியா அறக்கட்டளை இடம் தர ஒப்புக்கொண்டது. இன்டர்நெட் பிராண்ட்ஸ் இரண்டு தன்னார்வலர்கள் மீது வழக்குப் போட்டது. வழக்கு எதைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். எழுத்தை எடுத்துப் போனதைப் பற்றி அவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, உரிமம் அதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. பெயரைப் பயன்படுத்திக் குழப்பம் விளைவித்தார்கள் என்ற திசையில்தான் வழக்கு போனது. 2013 ஜனவரி 15-ல் விக்கிவாயேஜ் விக்கிமீடியா திட்டமாக முறைப்படி திறக்கப்பட்டது. அடுத்த மாதம் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

ஆனால் தேடுபொறியில் விக்கிடிராவல் பல காலம் மேலேயே நின்றது. இரண்டு தளத்திலும் ஒரே எழுத்து இருந்ததால், பழைய முகவரியைத்தான் தேடுபொறிகள் மூலமாகக் கருதின. எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், படிக்க வருகிறவர்கள் இன்னொரு பக்கம் என்ற நிலை வருடக்கணக்கில் நீடித்தது. பிரியும் எந்தக் குழுவும் இதை எதிர்பார்த்தே இறங்க வேண்டும். பழைய எழுத்தை மாற்றி எழுத எழுதத்தான், புதிய பக்கங்கள் சேரச் சேரத்தான், தேடுபொறியின் கண்ணில் நீங்கள் தனித் தளமாகத் தெரிவீர்கள்.

மூன்றாவது, வார்கிராஃப்ட் விளையாட்டுக்கான வாவ்விக்கி. 2010 அக்டோபரில் அதன் குழு, விக்கிகளுக்கு இடம் தரும் விக்கியா நிறுவனத்தை விட்டு வெளியேறி, கர்ஸ் என்ற நிறுவனத்தின் இடத்தில் வாவ்பீடியா என்று தொடங்கியது. நன்றாகவே வளர்ந்தது. 2018 டிசம்பரில், ஃபாண்டம் என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்த அதே விக்கியா, அந்த இடத்தையே வாங்கிவிட்டது. எங்கிருந்து கிளம்பினார்களோ அங்கேயே திரும்பிவந்து சேர்ந்தார்கள், தாங்கள் ஓர் அடிகூட எடுத்து வைக்காமல். 2023 அக்டோபரில் இரண்டாவது முறையாகப் பிரிந்து விக்கி.ஜிஜி என்ற வேறொரு இடத்துக்குப் போனார்கள். பதின்மூன்று வருட இடைவெளியில் இரண்டு பிரிவு.

ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டுக்கான விக்கியின் குழு இதை வேறு விதமாகக் கையாண்டது. 2018-ல் பிரிந்தபோது வேறொரு நிறுவனத்தின் திண்ணையில் போய் உட்காராமல், வீர்ட் குளூப் என்று சொந்தமாக ஓர் அமைப்பை வைத்துக்கொண்டார்கள். 2023 செப்டம்பரில் மைன்கிராஃப்ட் விக்கி ஃபாண்டமிலிருந்து வெளியேறியபோது, சர்வர் தந்தது அதே வீர்ட் குளூப்தான். டொமைன் யார் பெயரில் இருக்கிறது, சர்வர் சாவி யார் கையில் இருக்கிறது, அவர் நாளை விற்க முடிவெடுத்தால் தடுக்க யாருக்கு உரிமை உண்டு? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் பிரிந்து போகிறவர்கள், அடுத்த பிரிவுக்கான தேதியைத்தான் குறிக்கிறார்கள்.

ஆள்கணக்கு என்பது இதைவிட முக்கியம். ஒரு கூட்டுத் தளத்தில் ஆயிரம் பேர் கணக்கு வைத்திருக்கலாம். விஷமத் தொகுப்புகளை நீக்குவது, வார்ப்புருக்களை (பல பக்கங்களில் திரும்பத் திரும்பப் பயன்படும் அச்சுகளை) சரிசெய்வது, புதியவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் ஒரு கைப்பிடி ஆட்கள் செய்யும் வேலை. அந்தக் கைப்பிடி பேரில் பெரும்பாலானவர்கள் ஒரே நாளில் வந்தால் ஃபோர்க் பிழைக்கும். பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே என்றால் இரண்டு தளமும் நோஞ்சானாகிவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் தளம் 2012 செப்டம்பரில் உரிமத்தை மாற்றியபோது, பழைய உரிமத்திலேயே தொடர எஃப்ஓஎஸ்எம் என்ற ஃபோர்க் வந்தது. கொள்கை தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வரைகிறவர்கள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நின்றார்கள். வரைபடத்தைப் பொறுத்தவரை அதுவே தீர்ப்பு. தெருக்கள் மாறிக்கொண்டே இருக்கும், திருத்த ஆள் வேண்டும்.

எனவே வாக்கெடுப்பில் எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்று பார்க்காதீர்கள். கடந்த மூன்று மாத அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் திறந்து, பராமரிப்பு வேலை செய்த பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். "ஆமாம், நல்ல யோசனை" என்பது வேறு, "முதல் மாதம் ஸ்பேம் நான் பார்த்துக்கறேன்" என்பது வேறு.

இறக்குமதி நாளில் என்ன நடக்கும்

பக்கங்களை எடுத்துப் போவது எளிது என்று நினைப்பவர்களுக்காக, விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி மென்பொருளில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முழு வரலாறு அடங்கிய எக்ஸ்எம்எல் கோப்பைப் புதிய சர்வரில் ஓடவிடுவீர்கள். சிறிய தளமென்றாலும் மணிக்கணக்கில் ஓடும். முடிந்ததும் முதல் பக்கத்தைத் திறந்தால், அழகான தகவற்பெட்டி இருந்த இடத்தில் இரட்டை நெளிவு அடைப்புகளும் நிபந்தனைக் குறியீடுகளும் வெறும் எழுத்தாகக் கொட்டிக் கிடக்கும், ஏனென்றால் பழைய தளத்தில் இருந்த நீட்சிகளை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) புதிய சர்வரில் நிறுவவில்லை. நிறுவுவீர்கள். அடுத்து, லுவா என்ற நிரல் மொழியில் எழுதிய கூறுகள் ஓடாமல் சிவப்பு நிறத்தில் பிழை காட்டும். அதையும் சரிசெய்வீர்கள். படங்கள் இருந்த இடமெல்லாம் சிவப்பு இணைப்பாக இருக்கும். விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியத்தில் உள்ள படங்கள் என்றால் ஒரே ஓர் அமைப்பு வரியில் வந்துவிடும். பழைய தளத்திலேயே ஏற்றப்பட்டவை என்றால் தனியாக இறக்கி ஏற்ற வேண்டும். பகுப்புகள் வெறுமையாக இருக்கும், இணைப்புகளை மறுகணக்கிடும் நிரலை ஓடவிட்ட பிறகு நிரம்பும்.

வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால், எழுதியவர் பெயருக்கு முன்னால் இறக்குமதி செய்யப்பட்டது என்ற முன்னொட்டும் ஒரு கோணக் குறியும் நிற்கும். அந்தப் பெயரில் புதிய தளத்தில் இன்னும் கணக்கு இல்லை என்பதால் அப்படி. அதே பெயரில் வேறு யாராவது புதிதாகக் கணக்குத் தொடங்கிவிட்டால் பழையவரின் உழைப்பெல்லாம் அவர் பெயருக்குப் போய்விடக் கூடாது. அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. உண்மையான ஆள்தானா என்று சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு: பழைய தளத்தில் அவருடைய பயனர் பக்கத்தில் நீங்கள் தரும் ஒரு குறியீட்டை எழுதச் சொல்லுங்கள். எழுதினால் அவர்தான். பிறகு பழைய தொகுப்புகளை அவர் கணக்கோடு இணைத்துவிடலாம். இதற்கு ஓர் ஆளைத் தனியாக ஒதுக்குங்கள். தன் பெயர் முன்னொட்டு இல்லாமல் வரலாற்றில் வந்து நிற்பதைப் பார்க்கிறவர் புதிய தளத்தைத் தன்னுடையதாக நினைக்கத் தொடங்குவார்.

தளம் திறந்த அன்றே ஸ்பேம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய இடத்தில் வடிகட்டிகளும் பாட்களும் (தானாக ஓடும் நிரல்களும்) சத்தமில்லாமல் பார்த்துக்கொண்ட வேலை இது. அவை எதுவும் எக்ஸ்எம்எல் கோப்பில் வராது.

வெற்றுப் பக்கத்திலிருந்து

விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி சாங்கர் 2006-ல் அறிவித்த சிட்டிசென்டியம் முதலில் விக்கிப்பீடியாவின் முழு ஃபோர்க்காகத்தான் திட்டமிடப்பட்டது. எல்லாரும் சொந்தப் பெயரில் எழுதுவார்கள், துறை வல்லுநர்கள் பார்த்து ஒப்புதல் தருவார்கள் என்பது எண்ணம். 2007 மார்ச்சில் பொதுவில் திறப்பதற்குள்ளேயே, எடுத்து வந்த கட்டுரைகளை விட்டுவிட்டுப் புதிதாக எழுதுவது என்று மாற்றிக்கொண்டார்கள். அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். பிறர் எழுதிய லட்சக்கணக்கான கட்டுரைகளைச் சின்னக் குழு ஒன்று தலையில் ஏற்றிக்கொண்டால், வாழ்நாள் முழுக்க அதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆனாலும் அந்தத் தளம் பெரிதாக வளரவில்லை. எழுதும் விதியே வேறு என்றால் புதிதாகத் தொடங்குங்கள். விதி அதேதான், நடத்துகிறவர் மட்டும் பிடிக்கவில்லை என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. கையில் இருக்கும் செல்வத்தை வீணாக விட்டுவிட்டுப் போவதாகும்.

இங்கே சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிரிந்து போகும் உரிமை நல்ல நோக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று உரிமத்தில் எங்கும் எழுதியிருக்காது. ரஷ்ய விக்கிப்பீடியாவை எடுத்து, அந்நாட்டுச் சட்டங்களுக்கு ஒத்துப்போகும்படி மாற்றிய ருவிக்கி 2024 ஜனவரியில் முழுமையாகத் திறக்கப்பட்டது. சங்கடமாக இருந்தாலும், இதைத் தடுக்கும்படி ஓர் உரிமத்தை எழுதினால் அது விக்கிவாயேஜையும் தடுத்துவிடும். நான் திறந்த உரிமத்தின் பக்கம்தான் நிற்கிறேன், இந்த விலையோடு சேர்த்து.

இருந்து போராடுவது

பிரிவு வேண்டாம் என்றால் பணிந்து போவது என்று அர்த்தமில்லை. கையில் முழு டம்ப் இருக்கிறது, பராமரிப்பாளர்கள் யார் யார் வருவார்கள் என்று தெரியும், புதிய இடம் தயாராக இருக்கிறது. இந்த மூன்றோடும் நிர்வாகத்திடம் பேசினால் பேச்சே வேறு. கோரிக்கையைக் குறிப்பாக வையுங்கள். விளம்பரத்தைக் குறையுங்கள் என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. கட்டுரைக்கு நடுவில் தானாக ஓடும் வீடியோ கூடாது, மாதம் ஒரு முறை டம்ப் வேண்டும், உரிம மாற்றத்துக்கு முன் அறுபது நாள் அவகாசம் வேண்டும் என்பதுபோலச் சொல்லுங்கள். பதிலுக்கு ஒரு தேதி வையுங்கள். அந்தத் தேதி வரைக்கும் வெளியே கசியவிடாதீர்கள். ஃபோர்க் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் சில இடங்களில் உங்கள் நிர்வாகி உரிமையையே பறித்துவிடுவார்கள், தள அறிவிப்புப் பலகையும் கையைவிட்டுப் போகும்.

பேச்சு முறிந்து பிரிந்தே தீர வேண்டும் என்றால், பழைய தளத்தை என்ன செய்வது என்பதுதான் கடைசிக் கேள்வி. கோபத்தில் சிலர் அங்கே உள்ள பக்கங்களை வெறுமையாக்கிவிட்டுக் கிளம்புவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் எழுதியதுதான் என்றாலும் திறந்த உரிமத்தில் கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. நடத்துகிறவர் ஒரே சொடுக்கில் பழைய வடிவத்தை மீட்டுவிடுவார். உங்கள் பெயரில் விஷமத் தொகுப்பு என்ற பதிவு மட்டும் மிஞ்சும், அதைக் காட்டியே மீதிப் பேரையும் தடை செய்வார்கள். உங்கள் பயனர் பக்கத்தில், தளத்தின் விதி அனுமதிக்கும் அளவுக்கு, எங்கே போகிறீர்கள், எப்போதிலிருந்து, ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். உங்களோடு உரையாடல் பக்கத்தில் பேசியவர்களுக்கு ஒரு செய்தி விடுங்கள். கடைசி டம்ப் எடுத்த பிறகு பழைய தளத்தில் செய்யப்பட்ட தொகுப்புகளின் பட்டியலை எடுத்து, முதல் வாரத்துக்குள் அவற்றையும் வரலாற்றோடு புதிய இடத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் அங்கே எழுதியவர்களில் பலருக்கு நீங்கள் கிளம்பியதே தெரிந்திருக்காது.